இடம் விட்டவரின் கணக்கு

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை மாலை. முந்தைய நாள் காலையில் தொடங்கிய விநாயகர் கரைப்பு ஊர்வலத்தின் ஓசை புனே நகரில் அப்போதுதான் அடங்கிக்கொண்டிருந்தது. விடுதியின் பொது அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இத்தாலியின் மோன்சா கார்ப் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெக்லாரன் அணியின் லாண்டோ நோரிஸ் இரண்டாமிடத்திலும், அதே அணியின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி மூன்றாமிடத்திலும் வந்துகொண்டிருந்தனர். டயர் மாற்ற நின்றபோது நோரிஸின் ஒரு சக்கரம் உடனே பொருந்தாமல் சில நொடிகள் வீணாயின; பியாஸ்ட்ரி முந்திவிட்டார். அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அணி வானொலியில் பணித்தது. டயர் மாற்றுவதில் நேரும் தாமதமும் பந்தயத்தின் ஒரு பகுதிதானே என்று முறையிட்ட பியாஸ்ட்ரி, முடிவில் வழிவிட்டார்.

அருகில் இருந்த கோலாப்பூர் நண்பர் கொதித்துப்போனார். "இது பந்தயமா, பாகப்பிரிவினையா?" என்றார். அவர் கேட்டது இந்தியில். பாகப்பிரிவினை என்ற சொல் மட்டும் என்னுடையது.

அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஓர் அணி தன் இரு ஓட்டுநர்களுள் ஒருவருக்கு முன்னுரிமை அளிக்கலாமா? அளிக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எப்போது, எதன் அடிப்படையில், யார் செலவில் என்ற மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டு அளிக்க வேண்டும். விடை சொல்லாமல் அளிக்கப்படும் முன்னுரிமைக்குச் சலுகை என்று பெயர். சலுகையால் பாதிக்கப்படுபவர் எப்போதும் ஒருவரே.

இவ்விளையாட்டைப் பின்தொடராத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள், இரண்டு ஓட்டுநர்கள். பட்டங்களும் இரண்டு: தனி ஓட்டுநருக்கு ஒன்று, அணிக்கு ஒன்று. அணியின் புள்ளி என்பது இரு ஓட்டுநர்களின் புள்ளிகளைக் கூட்டி வருவது. பரிசுப் பணம் அணிகளின் தரவரிசையைப் பொறுத்தது. ஆகவே அணிக்குத் தேவை கூட்டுத்தொகை. ஓட்டுநருக்கோ வேறொரு தேவை இருக்கிறது. கார்கள் அணிக்கு அணி வேறுபடுவதால், அவருடைய திறமையை உலகம் அளக்கக்கூடிய ஒரே நம்பகமான அளவுகோல் அதே காரை ஓட்டும் சக ஓட்டுநர்தான். அவரிடம் தோற்றால் அடுத்த ஆண்டு வேலை இராது. தோளோடு தோள் நிற்க வேண்டியவரே முதல் எதிராளி என்னும் இந்த முரண் இவ்விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. யாருடைய குணக்கேட்டாலும் வந்ததன்று.

இம்முரணைக் கையாளத் தெரியாமல் ஓர் அணி பட்ட பாட்டை இந்தியர்களாகிய நாம் நன்கு அறிவோம். விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா அணி 2008 முதல் 2018 வரை இந்திய உரிமத்தில் ஓடியது. பணிமனை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இருந்தது. அதன் காரில் எந்த இந்தியரும் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓடியதில்லை. எனினும் மூவண்ணம் பூசிய அந்தக் காரை நம்முடையது என்றே எண்ணிப் பார்த்தோம். 2017இல் அதன் ஓட்டுநர்கள் மெக்சிகோவின் செர்ஜியோ பெரெஸும் பிரான்சின் எஸ்தபான் ஒகோனும். ஒருவர் அனுபவசாலி, மற்றவர் எழுச்சியில் இருந்த இளைஞர். வேகத்தில் இருவருக்கும் பெரிய வேறுபாடில்லை. சிக்கல் அங்கேதான் பிறந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் கனடாவில் பெரெஸ் நான்காமிடத்தில் டேனியல் ரிக்கார்டோவைத் துரத்திக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒகோனின் டயர்கள் புதியவை. ஒகோனுக்கு வழிவிட்டால் அவர் ரிக்கார்டோவை முந்த முயலலாம் என்று அணி கருதியது. பெரெஸ் கொடுக்கவில்லை, இன்னும் சிறிது நேரம் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிச் சுற்றுகளில் ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டல் இருவரையும் முந்திச் சென்றார். பெரெஸ் ஐந்தாவது, ஒகோன் ஆறாவது. மேடை கைக்கு எட்டாமல் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து அஜர்பைஜானின் பாகூ. முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராகச் சிக்கலில் மாட்டிய விசித்திரமான பந்தயம் அது. ரிக்கார்டோ பத்தாமிடத்திலிருந்து புறப்பட்டு வென்றார். வில்லியம்ஸ் அணியின் 18 வயது லான்ஸ் ஸ்ட்ரோல் மூன்றாவதாக வந்தார். மேடையேறும் வாய்ப்பு ஃபோர்ஸ் இந்தியாவுக்கும் இருந்தது. ஆனால் ஒகோன் பெரெஸைச் சுவரை நோக்கி நெருக்க, இரு கார்களும் மோதின. பெரெஸால் பந்தயத்தை முடிக்க இயலவில்லை. ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஒரே பந்தயத்தில் இருமுறை உரசிக்கொண்டனர். அதன் பிறகே இனி நிலை மாற்றங்களை அணியே ஆணையிடும் என்று நிர்வாகம் அறிவித்தது.

ஆண்டு முடிவில் பெரெஸ் 100 புள்ளி, ஒகோன் 87. அணி 187 புள்ளிகளுடன் நான்காமிடம். ஐந்தாமிடத்து வில்லியம்ஸ் 83. அணிக்கு இழப்பொன்றும் இல்லையே என்று சிலர் கேட்கலாம். இழந்தது மேடைகளை. சிறிய அணிக்கு அத்தகைய நாள் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. இங்கே பிழை யாருடையது? பெரெஸ் மறுத்தார், ஒகோன் நெருக்கினார். இருவரும் தம் தொழில் எதைக் கேட்டதோ அதைச் செய்தனர். விதியை முன்கூட்டியே வகுக்காமல், கார்கள் நொறுங்கிய பிறகு வகுத்த நிர்வாகத்தையே நான் முதலில் குறை சொல்வேன். ஆணையே இல்லாத நிலையைச் சமத்துவம் என்று கருதுவோர் 2017ஆம் ஆண்டு ஃபோர்ஸ் இந்தியாவை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஆணையிட்டுவிட்டால் தீருமா? தீராது என்பதற்கு ஃபெராரி சான்று. 2002 மே மாதம் ஆஸ்திரியாவில் பந்தயம் முழுவதும் முன்னிலையில் இருந்த ரூபன்ஸ் பாரிக்கெல்லோ, இறுதிக் கோட்டுக்குச் சற்று முன்பாக வேகத்தைக் குறைத்து மைக்கேல் ஷூமாக்கருக்கு வெற்றியை விட்டுக்கொடுத்தார். அரங்கு கூச்சலிட்டது. வெட்கமுற்ற ஷூமாக்கர் மேடையின் உச்சிப்படியில் பாரிக்கெல்லோவை ஏற்றினார்; மேடை ஒழுங்கு மீறப்பட்டதற்கு அபராதம் வந்தது. அந்தப் பருவத்தின் ஆறாவது பந்தயம் அது. ஷூமாக்கர் ஏற்கெனவே பெரும் முன்னிலையில் இருந்தார். தேவையே இல்லாத தியாகம் ஒன்று கேட்டுப் பெறப்பட்டது.

2003 முதல் அணி ஆணைகளுக்குத் தடை வந்தது. தடையால் ஆணை ஒழியவில்லை, மறைபொருளாக மாறியது. 2010 ஜூலை 25 அன்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஃபெலிப்பே மாசா முன்னிலையில் இருந்தார். முந்தைய ஆண்டு அதே நாளில்தான் அவர் தலையில் பலத்த காயமுற்று உயிர்தப்பியிருந்தார். பின்னால் வரும் ஃபெர்னாண்டோ அலோன்சோ உன்னைவிட வேகமானவர் என்ற செய்தி வானொலியில் வந்தது. வெறும் தகவல் போன்ற அந்தச் சொற்களின் பொருள் மாசாவுக்கும் விளங்கியது, உலகத்துக்கும் விளங்கியது. வழிவிட்டார். அணிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். 2011இலிருந்து தடையே நீக்கப்பட்டது. தடுக்க முடியாத ஒன்றைத் தடுத்ததாகப் பாவனை செய்வதைவிட வெளிப்படையாக அனுமதிப்பது மேல் என்ற அந்த முடிவு சரியானதே.

இப்போது மீண்டும் பெரெஸிடம் வருவோம். இந்த விவாதத்தின் எல்லாப் பக்கங்களையும் வாழ்ந்து பார்த்தவர் அவர். 2018 ஜூலையில் ஃபோர்ஸ் இந்தியா கடனில் மூழ்கியபோது, அணியை நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரும் நடவடிக்கையைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஏறத்தாழ நானூறு பேரின் வேலையைக் காக்கவே அதைச் செய்ததாகக் கூறினார். லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான முதலீட்டாளர் குழு அணியை வாங்கியது. அதுவரை ஈட்டிய 59 புள்ளிகள் அணியின் கணக்கிலிருந்து அழிந்தன. 2019இல் ஒகோனின் இருக்கை உரிமையாளரின் மகன் லான்ஸ் ஸ்ட்ரோலுக்குப் போயிற்று.

அடுத்தது இதைவிடக் கூர்மையானது. 2021ஆம் ஆண்டுக்கு வெட்டலை அமர்த்த அவ்வணி முடிவு செய்தபோது, இருவருள் ஒருவர் விலக வேண்டியிருந்தது. ஒப்பந்தம் மீதமிருந்தும் விலக்கப்பட்டவர் பெரெஸ். அந்த 2020 பருவத்தின் முடிவைப் பாருங்கள்: கொரோனாவால் இரு பந்தயங்களைத் தவறவிட்டும் பெரெஸ் 125 புள்ளிகளுடன் நான்காமிடம், லான்ஸ் ஸ்ட்ரோல் 75 புள்ளிகளுடன் பதினொன்றாமிடம். விலக்கப்படுவது உறுதியான பின்னர், அவ்வாண்டு டிசம்பரில் சாகிர் பந்தயத்தை வென்றவரும் பெரெஸே. ஸ்ட்ரோல் திறமையற்றவர் அல்லர்; பாகூ மேடையை அவர் தன் கையாலேயே வென்றார். ஆயினும் அவருக்கு எதிராக எந்தக் கணக்கும் எடுபடாது என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்திருக்கும். ஆறு சுற்றுகளுக்கு வழிவிடு என்ற வானொலி ஆணையைக் கண்டு கொதிக்கும் நாம், இத்தகைய முடிவுகளை நிர்வாகச் செய்தியாகப் படித்துவிட்டு நகர்கிறோம். உண்மையான பாரபட்சம் பெரும்பாலும் தடத்தில் நிகழ்வதில்லை. இருக்கை யாருக்கு என்று தீர்மானிக்கும் அறையில் நிகழ்கிறது. அங்கே ஒலிப்பெருக்கி கிடையாது.

அதன்பின் பெரெஸ் ரெட் புல் அணியில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குத் துணையானார். 2021 டிசம்பர் 12, அபுதாபி. ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சமப் புள்ளியில் மோதிய இறுதிப் பந்தயம். தேய்ந்த டயர்களுடன் பெரெஸ் ஹாமில்டனை மறித்து மறித்து ஓட்டினார். ஏறத்தாழ எட்டு நொடியாக இருந்த இடைவெளி இரண்டு நொடிக்கும் கீழே இறங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கனடாவில் மறுத்த அதே மனிதர் இங்கே முழு மனத்துடன் பணிந்தார். தன் பங்கு இன்னது என்று தெரிந்தே அந்த அணியில் சேர்ந்திருந்தார் என்பதே வேறுபாடு.

மறுஆண்டு நவம்பரில் பிரேசில். வெர்ஸ்டாப்பன் பட்டத்தை ஏற்கெனவே வென்றுவிட்டார்; பெரெஸ் இரண்டாமிடத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். முன்னால் செல்லும் கார்களை முந்த முயலட்டும், முடியாவிட்டால் இடத்தைத் திருப்பித் தரட்டும் என்ற ஏற்பாட்டில் பெரெஸ் வழிவிட்டார். வெர்ஸ்டாப்பனால் முந்த முடியவில்லை. இடத்தையும் திருப்பித் தரவில்லை. தமக்குக் காரணங்கள் உள்ளன என்று மட்டும் சொன்னார். அந்தப் பருவம் லெக்லெர் 308, பெரெஸ் 305 என முடிந்தது. பிரேசிலில் கிடைத்திருக்கக்கூடியவை இரண்டு புள்ளிகள்தாம். அவற்றைச் சேர்த்தாலும் ஒரு புள்ளி குறைந்திருக்கும். ஆகவே இழப்பு புள்ளியில் இல்லை. கொடுக்கும்போது இருந்த கணக்கு, திருப்பிக் கேட்கும்போது இல்லாமற் போனதே இழப்பு.

முன்னுரிமைக்கு ஆதரவான வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எதிர்கொள்ள வேண்டும். 2007இல் மெக்லாரன் அணி தன் இரு ஓட்டுநர்களையும் மோதவிட்டது. ஹாமில்டன் 109, அலோன்சோ 109. பட்டம் 110 புள்ளியுடன் ஃபெராரியின் கிமி ரைக்கோனனுக்குப் போயிற்று. இருவருள் ஒருவரைத் தேர்ந்திருந்தால் பட்டம் வீட்டிலேயே இருந்திருக்கும். வலுவான வாதம்தான். ஆனால் 'ஒருவரை' என்றால் யாரை? பருவத்தின் தொடக்கத்தில் கேட்டிருந்தால் இரட்டைப் பட்டம் வென்றிருந்த அலோன்சோவைச் சொல்லியிருப்பார்கள். இறுதி வாரங்களில் முன்னிலையில் இருந்தவரோ புதுமுகமான ஹாமில்டன்.

மோன்சாவுக்கே திரும்புகிறேன். அந்தப் பந்தயத்துக்கு முன் பியாஸ்ட்ரி நோரிஸைவிட 34 புள்ளிகள் முன்னால் இருந்தார்; வெர்ஸ்டாப்பன் நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகள் பின்தங்கியிருந்தார். முன்னுரிமைக் கொள்கை அப்போது இருந்திருந்தால் அது பியாஸ்ட்ரியைத் தேர்ந்திருக்கும். இறுதிக் கணக்கு: நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. இரண்டாமிடத்துக்கு 18 புள்ளி, மூன்றாமிடத்துக்கு 15. மற்றவை அப்படியே இருக்க, மோன்சாவில் பியாஸ்ட்ரி வழிவிடாமல் போயிருந்தால் நோரிஸ் 420இல் நின்றிருப்பார்; பட்டம் வெர்ஸ்டாப்பனுடையதாகியிருக்கும். நண்பர் பாகப்பிரிவினை என்று பழித்த அந்த இரண்டு நிமிட நிகழ்வில்தான் ஓர் உலகப் பட்டம் கைமாறியது.

பியாஸ்ட்ரி ஏன் கொடுத்தார்? 2024 ஜூலையில் ஹங்கேரியில், டயர் மாற்றும் வரிசையால் முன்னிலைக்கு வந்துவிட்ட நோரிஸ், தயங்கித் தயங்கியேனும் அதே பியாஸ்ட்ரிக்கு வெற்றியைத் திருப்பித் தந்திருந்தார். அது பியாஸ்ட்ரியின் முதல் வெற்றி. இருவரும் முணுமுணுத்தனர், இருவரும் கொடுத்தனர். அணியின் பிழையால் ஒருவர் இழப்பதை மற்றவர் ஆதாயமாக்கக் கூடாது என்ற விதி இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது. இருவருக்கும் எதிராக ஒவ்வொரு முறை பயன்பட்டும் இருந்தது.

இவற்றிலிருந்து நான் வந்தடையும் இடம் இது. முதலாவதாக, விதி பந்தயத்துக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். புனேயின் கரைப்பு ஊர்வலத்தில் கஸ்பா, தாம்படி ஜோகேஸ்வரி, குருஜி தாலீம், துளசிபாக், கேசரி வாடா என்று ஐந்து கணபதிகளுக்கு முதல் மரியாதை, வரிசையும் மாறாது. பின்னால் காத்திருக்கும் மண்டலிகளுக்கு மனக்குறை உண்டு, அதை உரக்கச் சொல்லவும் செய்கின்றன. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று எவரும் சொல்ல முடியாது. விதியோடு சண்டையிடலாம், விதி இல்லாத இடத்தில் மனிதரோடுதான் சண்டையிட நேரும்.

இரண்டாவதாக, முன்னுரிமை தடத்தில் ஈட்டியதாக இருக்க வேண்டும். ஒருவருக்குப் பட்ட வாய்ப்பு கணக்கின்படி முடிந்துவிட்டது என்ற நிலையில் அவர் மற்றவருக்கு உதவுவது நியாயம். பெயர், பணம், பிறப்பு ஆகியவற்றின் பேரில் பருவத் தொடக்கத்திலேயே ஒருவரை முதல்வர் என்று முத்திரையிடுவது நியாயமன்று. உரிமையாளர் நினைத்தால் வேறுவிதமாகவும் நடக்கலாம் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில், பயிற்சியில் விபத்துக்குள்ளான அஜித் குமார், தம் பெயரையே தாங்கிய அணியின் காரை ஓட்டுவதிலிருந்து அணியின் நலன் கருதி விலகிக்கொண்டார். அந்தக் கார் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது.

மூன்றாவதாக, இடம் விட்டவரின் கணக்கு எழுதப்பட வேண்டும். 1956இல் மோன்சாவில், தமக்கும் பட்ட வாய்ப்பு மீதமிருந்த பீட்டர் காலின்ஸ் தம் காரையே ஃபான்ஜியோவிடம் ஒப்படைத்தார். ஃபான்ஜியோ உலகப் பட்டம் வென்றார். காலின்ஸ் இரண்டு ஆண்டுகளில் பந்தய விபத்தில் இறந்தார். பட்டம் அவருக்கு வரவேயில்லை. தாமாகக் கொடுத்தவரை வரலாறு மறக்கவில்லை. ஆணையால் கொடுக்க வைக்கப்பட்டவரைக் காப்பது வரலாற்றின் பொறுப்பன்று, அணியின் பொறுப்பு.

ஓர் ஆய்வு மாணவன் இதற்கு ஏன் இத்தனை சொற்களைச் செலவிடுகிறான் என்று சிலர் எண்ணக்கூடும். ஓர் ஆய்வகமும் இரண்டு கார் அணிதான். ஒரே நெறியாளர், ஒரே கருவி, ஒரே தலைப்பின் இரு கிளைகள், ஐந்தாண்டு உதவித்தொகை. என் மூன்றாம் ஆண்டில், உதவித்தொகை முடியும் தறுவாயில் இருந்த மூத்த மாணவருக்காகக் கருவியின் நேரத்தை ஆறு மாதம் விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். காரணம் சொன்னார்கள், என் முறை அடுத்து என்றும் சொன்னார்கள். மனமுவந்து கொடுத்தேன், அவர் பட்டம் பெற்ற நாளில் என் பெற்றோருக்கும் சேர்த்து இனிப்பு வாங்கித் தந்தார். ஆறு மாதம் முடிந்தபோது கருவி வேறொருவருக்குப் போயிற்று. காரணம் எவரும் சொல்லவில்லை. கேட்டபோது, அணியாகச் சிந்திக்கப் பழகுங்கள் என்ற அறிவுரை மட்டும் கிடைத்தது.

விட்டுக்கொடுத்த அந்த ஆறு மாதத்துக்காக நான் இன்றும் வருந்தவில்லை. அது நியாயமான ஆணை. அதற்குப் பிறகு வந்தது ஆணையே அன்று. அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு நானே விளக்கிக்கொள்ளப் பிரேசிலில் பெரெஸ் இருந்த காருக்குள் சிறிது நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

கோலாப்பூர் நண்பருக்கு என் விடை இதுதான்: பாகப்பிரிவினையில் தவறில்லை, பத்திரம் இருக்கும்வரை. உங்கள் அணியில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் ஆய்வகத்தில் இடம் விட்டவர் யாரேனும் இருப்பார். அவருடைய கணக்கு எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.